பக்கத்து மனையில் 4 மாடிக்குக் கவுன்சில் அனுமதி: ஜூடிஷியல் ரிவ்யூ போகலாமா?

மூலைவீடு:
வணக்கம். இங்கிலாந்தில் இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பழைய கார் பட்டறை மூடிக் கிடந்தது. ஒரு பில்டர் அதை வாங்கி, இடித்துவிட்டு 4 மாடியில் பிளாட் கட்டப் போகிறார். தெருவே எதிர்த்து எழுதியது. கமிட்டிக் கூட்டத்துக்கு நானே போய்ப் பேசினேன். 3 நிமிடம் கொடுத்தார்கள், முடிந்ததும் உட்காரச் சொன்னார்கள். அப்புறம் கையைத் தூக்கினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அனுமதி.

அப்பீல் போகலாம் என்று விசாரித்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமையே கிடையாதாம். பில்டருக்கு அனுமதி மறுத்தால் அவர் அப்பீலை விசாரிக்கிற பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகலாம், கொடுத்தால் நாங்கள் எங்கேயும் போக முடியாது. ஜூடிஷியல் ரிவ்யூ, அதாவது கவுன்சிலின் முடிவை எதிர்த்து ஹை கோர்ட்டில் வழக்கு, அது ஒன்றுதான் வழியாம், அதுவும் 6 வாரத்துக்குள். சரி, போய்விடுவோம் என்றுதான் இருக்கிறேன். தெருவில் மற்ற எல்லா வீடும் 2 மாடி. எங்கள் பக்கம் வெளிச்சம் செத்துவிடும். பார்க்கிங்குக்கு இடமே இல்லை. ஒரு ஜட்ஜ் நேரில் வந்து பார்த்தால் 5 நிமிடத்தில் புரிந்துவிடும். யாருக்காவது இதில் அனுபவம் இருக்கிறதா?

பழையகோப்பு:
ஜட்ஜ் நேரில் வந்து பார்க்க மாட்டார். அதிலிருந்தே தொடங்குவோம்.

நான் வக்கீல் இல்லை. ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் பல வருடம் இருந்தவன். எங்கள் முடிவுகளை எதிர்த்து வழக்கு வந்தால் கோப்பு தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. நீங்கள் சொன்ன மூன்றும், அதாவது உயரம், வெளிச்சம், பார்க்கிங், முடிவு தப்பு என்பதற்கான காரணங்கள். அதை கமிட்டியிடம் சொல்லலாம், கோர்ட்டில் செல்லாது. முடிவு நல்லதா கெட்டதா என்று கோர்ட் பார்ப்பதில்லை. முடிவை எடுத்த விதத்தில் சட்டப் பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும்.

1995-ல் டெஸ்கோ நிறுவனம் போட்ட வழக்கில் அப்போதைய உச்ச நீதிமன்றமான ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு விஷயம் கணக்கில் எடுக்க வேண்டியதா இல்லையா என்பது சட்டக் கேள்வி, அது கோர்ட்டின் வேலை. அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்பது முடிவெடுப்பவரின் வேலை. கவனித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் முக்கியத்துவம் தராமல்கூட ஒதுக்கலாம். அதனால் ‘எங்கள் வெளிச்சத்தை மதிக்கவே இல்லை’ என்று போனால் முதல் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘எங்கள் வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை’ என்று காட்ட முடிந்தால் அது வேறு கதை.

பகுத்தறிவுக்கே ஒவ்வாத முடிவு என்று வாதாடலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது வெட்னஸ்பரி வழக்கைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை சினிமா தியேட்டருக்குள் விடக் கூடாது என்று அந்த ஊர் நகராட்சி நிபந்தனை போட்டது. தியேட்டர் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1947-ல் தீர்ப்பு. கம்பெனி தோற்றது. அதாவது, அந்தக் கொள்கைக்குப் பெயர் கொடுத்த வழக்கிலேயே அது பலிக்கவில்லை. பிளானிங் விஷயத்தில் இதை நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

கிழக்குக்கரை:
தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். வழக்குக்கு முன்னம், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு கொடுக்கலாமே? எங்களுக்குப் பக்கத்து வீட்டு நீட்சி விஷயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். செலவில்லை, வக்கீல் தேவையில்லை.

பழையகோப்பு:
அக்கா, அதில் என்ன கிடைத்தது?

கிழக்குக்கரை:
கவுன்சில் பிழை செய்தது என்று எழுத்தில் வந்தது. மன்னிப்புக் கடிதம் வந்தது. சிறு தொகையும் தந்தவர்கள். நீட்சி அப்படியே நிற்குது.

பழையகோப்பு:
அதுதான் விஷயம். ஒம்புட்ஸ்மனால் அனுமதியை ரத்து செய்ய முடியாது. கவுன்சில் தானே கொடுத்த அனுமதியைத் தானே திரும்பப் பெற 1990 சட்டத்தின் 97-வது பிரிவில் வழி உண்டு, ஆனால் பில்டருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும் என்பதால் எந்தக் கவுன்சிலும் லேசில் அதைத் தொடாது. ரத்து வேண்டும் என்றால் ஹை கோர்ட்தான்.

கறார்கணக்கு:
சட்டம் பேசியாயிற்று, பணத்தையும் பேசுவோம். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் நாமே கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுப் பொது விதி. சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு ஆர்ஹஸ் உடன்படிக்கையை ஒட்டி ஒரு உச்சவரம்பு இருக்கிறது. பிளானிங் வழக்குகள் பெரும்பாலும் அதற்குள் வரும். தனிநபர் தோற்றால் அதிகபட்சம் 5,000 பவுண்ட், சங்கமோ அமைப்போ என்றால் 10,000. ஜெயித்தால் கவுன்சிலிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியதும் 35,000-தான். இந்த வரம்பைக் கூட்டவும் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வழக்குப் படிவத்திலேயே இது ஆர்ஹஸ் வழக்கு என்று குறிப்பிட்டு, சொத்து வரவு செலவு விவரத்தையும் இணைக்க வேண்டும். மறந்தால் பாதுகாப்பு போயிற்று.

கவனியுங்கள், இதெல்லாம் எதிர்த்தரப்பின் பில்லுக்குத்தான். உங்கள் பக்கம் நிற்கிற சொலிசிட்டருக்கும் பாரிஸ்டருக்கும் கொடுப்பதற்கு எந்த வரம்பும் இல்லை. தெருவில் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களிடம், வழக்குக்கு ஆளுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் கரைகிற வேகம் தெரியும்.

செங்கல்சுண்ணாம்பு:
கட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு குரல். திட்டாதீர்கள்.

அந்தப் பில்டர் நிலத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அந்த 6 வாரம் தாண்டாமல் கடன் கொடுப்பவர் பெரும்பாலும் பணத்தை விட மாட்டார். அதனால் வழக்கு போடுவேன் என்ற ஒரு கடிதமே எங்களை ஆட்டிவைக்கும். அது தெரிந்து சும்மா மிரட்டுகிறவர்களும் உண்டு. 4 மாடி பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வருடம் எல்லாரையும் இழுத்தடிப்பது நியாயமா என்று யோசியுங்கள். பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை என்று இதே இடத்தில் புலம்புகிறவர்களும் நாம்தானே.

இன்னொன்று. கோர்ட்டில் ஜெயித்தாலும் திட்டம் ஒழிந்துவிடாது. அனுமதி ரத்தாகும், விண்ணப்பம் உயிரோடு இருக்கும். கவுன்சில் மறுபடியும் அதே விண்ணப்பத்தை எடுத்து, இந்த முறை ஒழுங்காகப் பரிசீலித்து, மறுபடியும் அனுமதி கொடுக்கலாம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது.

குறுக்குவிசாரணை:
செங்கல் சொல்வது உண்மை, ஆனால் முழுக்க இல்லை. சட்டத்துறையில் இருக்கிறேன், பிளானிங் என் துறை இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லண்டனில் ஹாக்னியில், கால்வாய்க் கரையில் ஹோல்போர்ன் ஸ்டுடியோஸ் என்ற புகைப்பட ஸ்டுடியோ. அந்த இடத்தை மாற்றிக் கட்ட அனுமதி கிடைத்தது. விண்ணப்பத்தின் நடுவில் திட்டத்தைப் பெரிதாகத் திருத்திவிட்டு, அதைப் பற்றி மறுபடியும் கருத்துக் கேட்கவில்லை. 2017-ல் ஹை கோர்ட் அனுமதியை ரத்து செய்தது. கவுன்சில் மறுபடியும் அனுமதி கொடுத்தது. ஸ்டுடியோக்காரர்கள் மறுபடியும் வழக்கு போட்டார்கள். 2020-ல் மறுபடியும் ரத்து. இந்த முறை, திட்டம் கட்டுபடியாகுமா என்ற கணக்கு ஆவணங்களை மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி வெளியிடவில்லை என்பது ஒரு காரணம். இரண்டு தீர்ப்பிலும் அந்தக் கட்டடம் அழகா, உயரம் சரியா என்பது கேள்வியே இல்லை.

டோவர் வழக்கையும் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதியில் 500-க்கும் மேற்பட்ட வீடுகள். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள். கமிட்டி கேட்காமல் முழுதாக அனுமதித்தது, ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. 2017-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் அனுமதி ரத்தானது. காரணம் சொல்லாததுதான் பிழை. அங்கே வீடு கட்டலாமா என்று சுப்ரீம் கோர்ட் ஒரு வரி கூடச் சொல்லவில்லை.

பொறுமையும் வேண்டும். சர்ரேயில் எண்ணெய்க் கிணற்றுக்கு 2019-ல் கொடுத்த அனுமதி, ஃபிஞ்ச் வழக்கு. ஹை கோர்ட்டில் தோல்வி, கோர்ட் ஆஃப் அப்பீலில் தோல்வி, 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டில் 3-க்கு 2 என்ற கணக்கில் வெற்றி. எடுக்கிற எண்ணெயை எரித்தால் வரும் புகையைச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை என்பதுதான் பிழை. 

எனவே மூலைவீடு செய்ய வேண்டியது, அதிகாரியின் அறிக்கையை வரி வரியாகப் படிப்பது. உங்கள் கமிட்டி அறிக்கையின் பரிந்துரைப்படியே அனுமதித்திருந்தால், அந்த அறிக்கையில் இருப்பதுதான் கமிட்டியின் காரணம் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். பிழை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

பழையகோப்பு:
ஆமாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையை சட்டப் பத்திரம் மாதிரி நோண்டக் கூடாது என்று கோர்ட் ஆஃப் அப்பீல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2017-ல் மான்செல் வழக்கிலும் அதையே சொன்னார்கள். எழுத்துப் பிழை, வாசகக் கோளாறு எல்லாம் எடுபடாது. முக்கியமான ஒரு விஷயத்தில் கவுன்சிலர்களைக் கணிசமாகத் தவறான வழியில் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் எழுதிய அறிக்கைகளில் ‘வடக்கு’ என்று போட வேண்டிய இடத்தில் ‘தெற்கு’ என்று போட்டதெல்லாம் உண்டு. அதற்காக யாரும் அனுமதியை ரத்து செய்யவில்லை.

மூலைவீடு:
படித்தேன். அறிக்கை கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது. இவ்வளவு நாள் அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அண்டை வீடுகள் என்ற தலைப்பில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதன் சாரம் இது: மனையை நோக்கிய பக்கச் சுவரில் வசிப்பறை (ஆள் புழங்கும் அறை) ஜன்னல்கள் எதுவும் இல்லை, எனவே வெளிச்ச இழப்பு குறித்து மேற்கொண்டு மதிப்பிடத் தேவையில்லை.

அந்தச் சுவரில் எங்கள் சாப்பாட்டு அறை ஜன்னல் இருக்கிறது! அந்த அறைக்கு இருப்பதே அந்த ஒரு ஜன்னல்தான். பில்டர் கொடுத்த வெளிச்ச ஆய்வைத் திறந்து பார்த்தேன். பின்பக்கத்து வீடுகளின் ஜன்னல்களுக்கெல்லாம் எண் போட்டு அளந்திருக்கிறார்கள். எங்கள் சுவர் வரைபடத்தில் மொட்டையாக இருக்கிறது.

கிழக்குக்கரை:
ஐயோ. ஜன்னல் எப்ப வைத்தது? அனுமதி எடுத்தா?

மூலைவீடு:
ஆமாம் அக்கா. 2009-ல் பின்பக்கம் நீட்டியபோது வைத்தது. இதே கவுன்சில் அங்கீகரித்த பிளானில் அந்த ஜன்னல் வரைந்திருக்கிறது. அவர்கள் தளத்திலேயே அந்தப் பழைய பிளான் இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது.

பழையகோப்பு:
இதுதான் நீங்கள் முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டியது.

வெளிச்சத்துக்குப் பிஆர்இ என்ற கட்டட ஆய்வு அமைப்பின் வழிகாட்டி ஒன்று இருக்கிறது, எல்லாக் கவுன்சிலும் அதைத்தான் பார்க்கும். ஜன்னலிலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது என்று அளப்பார்கள். அந்த அளவு 27 சதவீதத்துக்குக் கீழே போய், முன்பு இருந்ததில் 0.8 பங்குக்கும் குறைந்தால், குடியிருப்பவர் இழப்பை உணர்வார் என்று அர்த்தம். அதற்காக அனுமதி மறுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அளந்து, கமிட்டி முன் வைத்து, அதன் பிறகு அவர்கள் ‘பரவாயில்லை’ என்று சொல்ல வேண்டும். இங்கே ஜன்னலே இல்லை என்று சொல்லி அளக்காமல் விட்டிருக்கிறார்கள். இது வெறும் கருத்து வேறுபாடு இல்லை, தப்பான தகவலின் மேல் நிற்கிற முடிவு.

இரண்டு கேள்வி. ஒன்று, உங்கள் எதிர்ப்புக் கடிதத்தில் இந்த ஜன்னலைக் குறிப்பிட்டீர்களா? இரண்டு, முடிவு நோட்டீசின் தேதி என்ன? கூட்டம் நடந்த தேதி வேண்டாம், நோட்டீசின் தேதி.

மூலைவீடு:
கடிதத்தில் ‘எங்கள் சாப்பாட்டு அறை இருட்டாகிவிடும்’ என்று எழுதியிருக்கிறேன். ஜன்னல் என்ற சொல் இல்லை. நோட்டீஸ் எதுவும் தளத்தில் காணோம். ‘106 ஒப்பந்தத்துக்கு உட்பட்டு அனுமதிக்கத் தீர்மானம்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. கூட்டம் நடந்த நாளிலிருந்து நான் 6 வாரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

குறுக்குவிசாரணை:
எண்ணுவதை நிறுத்துங்கள். பில்டருக்கு இன்னும் அனுமதியே கொடுக்கப்படவில்லை.

கமிட்டியின் தீர்மானம் வேறு, அனுமதி வேறு. 2002-ல் பர்கெட் வழக்கில் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொன்னது இதைத்தான்: அனுமதியை எதிர்க்கிறவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்குவது அனுமதி உண்மையில் வழங்கப்பட்ட நாளிலிருந்து, தீர்மானம் போட்ட நாளிலிருந்து இல்லை. அப்போது கெடு 3 மாதமாக இருந்தது, 2013 ஜூலையிலிருந்து பிளானிங் வழக்குகளுக்கு 6 வாரம். தொடங்கும் இடம் மாறவில்லை.

106 ஒப்பந்தம் என்பது பில்டர் கவுன்சிலுக்கு எழுதிக்கொடுப்பது. பார்க்கிங் இல்லாத திட்டம் என்கிறீர்கள், அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு வீதி பார்க்கிங் பெர்மிட் கிடையாது என்ற உறுதியாக இருக்கலாம். அது கையெழுத்தாகும் வரை நோட்டீஸ் வராது. மாதக்கணக்கில்கூட இழுக்கும்.

இந்த இடைவெளி உங்களுக்குப் பொன்னானது. அதே 2002-ல் கைட்ஸ் வழக்கு: தீர்மானத்துக்கும் நோட்டீசுக்கும் நடுவில் முக்கியமான புதிய விஷயம் எழுந்தால், அதையும் கணக்கில் எடுத்துத்தான் கவுன்சில் அனுமதி வழங்க வேண்டும். அதிகாரிக்கு அது தெரிந்தும் நோட்டீசை விட்டால் பிழை இன்னும் பெரிதாகும்.

கறார்கணக்கு:
அப்படியானால் வாயைத் திறக்காதீர்கள்! இப்போது சொன்னால் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். நோட்டீஸ் வரட்டும், 5-வது வாரத்தில் வழக்கைப் போடுங்கள். கையில் உறுதியான பிழை இருக்கிறது, ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

பழையகோப்பு:
கறார், இந்த யோசனையைப் பல வக்கீல்களே ரகசியமாகச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, காரணம் சொல்கிறேன்.

முதலாவது, கெடு 6 வாரம் என்பது எல்லை. வழக்குக்கு முன் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி, பதில் சொல்ல வழக்கமாக 14 நாள் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தால் கெடு நிற்காது. 5-வது வாரம் வரை பதுங்கியிருந்தால் எதற்கும் நேரமிருக்காது. இரு தரப்பும் பேசிவைத்துக் கெடுவை நீட்டவும் முடியாது, விதியே தடுக்கிறது.

இரண்டாவது, பிழையை நிரூபித்தாலும் ரத்து செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கோர்ட்டுக்கு இல்லை. தெரிந்தே மறைத்து வைத்திருந்தார் என்று பில்டரின் பாரிஸ்டர் எழுந்து சொன்னால் அது உங்களுக்கு அழகாக இருக்காது. தகவல் பிழையை வைத்து வழக்கு நடத்த, அந்தப் பிழைக்கு நீங்களே பொறுப்பாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. 2004-ல் கோர்ட் ஆஃப் அப்பீல் வகுத்தது. ஜன்னல் இருப்பதைச் சொல்லாமலே விட்டால் அதையும் உங்கள் மேல் திருப்புவார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இவருக்கு வேண்டியது தீர்ப்பா, வெளிச்சமா? வழக்கில் ஜெயித்தால் விண்ணப்பம் மறுபடியும் கமிட்டிக்குத்தான் போகும். செங்கல் சொன்னார் அல்லவா. இப்போது ஒரு கடிதம் எழுதினாலும் அதே கமிட்டிக்குத்தான் போகும். நடுவில் ஒரு வருடமும் ஆயிரக்கணக்கில் பவுண்டும் மிச்சம்.

செங்கல்சுண்ணாம்பு:
பழையகோப்பு சொல்வதை நானும் வழிமொழிகிறேன். பில்டர் எதிரி என்று நினைக்காதீர்கள். கன்சல்டன்ட் ஜன்னலை விட்டுவிட்டார் என்று இப்போது தெரிந்தால், மேல் மாடியைச் சுவரிலிருந்து உள்ளே தள்ளி வரைந்து கொடுப்பது எங்களுக்குக் கொஞ்சம் செலவு. அஸ்திவாரம் போட்ட பிறகு தெரிந்தால் தலைவலி.

குறுக்குவிசாரணை:
கறாரின் வாதத்துக்கு எதிராக இன்னொரு சட்ட விஷயமும் இருக்கிறது. 2015-லிருந்து, பிழை நடக்காமல் இருந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது என்பதற்கு மிக அதிக வாய்ப்பு இருந்தால் கோர்ட் நிவாரணம் மறுக்க வேண்டும். பொதுநலன் கருதி விதிவிலக்கு உண்டு, அரிதாக. கவுன்சில்கள் எல்லா வழக்கிலும் இதைத் தூக்கிப் பிடிக்கும்.

ஆனால் மூலைவீட்டுக்கு இதில் அதிர்ஷ்டம். ஒரே ஓட்டு வித்தியாசம். ஜன்னல் இருப்பது தெரிந்திருந்தால் ஒருவர்கூடக் கையை மாற்றியிருக்க மாட்டார் என்று கவுன்சில் எப்படிச் சொல்லும்? கடிதத்தில் அந்த வாக்கு எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள்.

மூலைவீடு:
இன்னொரு சந்தேகம். வெளிச்சத்துக்கு வீட்டுக்காரருக்குத் தனி உரிமை உண்டு, அனுமதி கிடைத்தாலும் அதை வைத்துக் கட்டடத்தையே நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார்.

குறுக்குவிசாரணை:
அது சொத்துரிமை, பிளானிங் வேறு. பிளானிங் அனுமதி அந்த உரிமையை அழிக்காது என்பது சரி. ஆனால் 1832 சட்டப்படி அந்த ஜன்னல் வழியே 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சம் வந்திருக்க வேண்டும். உங்களுடையது 2009-ல் வைத்த ஜன்னல். இன்னும் ஆகவில்லை. அதை மறந்துவிடுங்கள்.

பழையகோப்பு:
கடிதம் இப்படி இருக்கட்டும். ஒரே பக்கம். உயரம், பார்க்கிங், தெருவின் தோற்றம் எதுவும் வேண்டாம். அறிக்கையின் பத்தி எண், அதில் ஜன்னல் இல்லை என்று சொல்லியிருப்பது, 2009 அனுமதியின் எண்ணும் அங்கீகரித்த பிளானும், இன்று எடுத்த போட்டோ, பில்டரின் வெளிச்ச ஆய்வில் அந்தச் சுவர் விடுபட்டிருப்பது, வாக்கு எண்ணிக்கை. கடைசியில், நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் ஜன்னலை அளந்து விண்ணப்பத்தை மறுபடியும் கமிட்டி முன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூடிஷியல் ரிவ்யூவுக்குப் போக நேரும் என்று ஒரு வரி. கோபம் வேண்டாம். அதிகாரிக்கு ஒரு பிரதி, கவுன்சிலின் சட்டப் பிரிவுக்கு ஒரு பிரதி. சட்டப் பிரிவுக்குப் போகிற பிரதிதான் வேலை செய்யும். பிளானிங் அதிகாரிக்குத் தன் அறிக்கையைக் காப்பாற்றத் தோன்றும். வக்கீலுக்கு வழக்கைத் தவிர்க்கத் தோன்றும்.

அதோடு தினமும் தளத்தில் நோட்டீஸ் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

கறார்கணக்கு:
நோட்டீஸ் வந்தால் அதன் நிபந்தனைகளையும் படியுங்கள். விர்ரல் பக்கம் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட 3 பெரிய கூடாரங்கள். 5 வருடத்துக்கு மட்டும் என்று தீர்மானம். 2011-ல் நோட்டீஸ் வந்தபோது அந்த நிபந்தனையே அதில் விடுபட்டுப்போனது! போட்டியாளரான ஒரு ஹோட்டல் 2017-ல் வழக்கு போட்டது. அவ்வளவு தாமதத்தையும் மன்னித்து கோர்ட் அனுமதியை ரத்து செய்தது, 2019-ல் கோர்ட் ஆஃப் அப்பீலும் சரி என்றது. தோர்ன்டன் ஹால் வழக்கு. இது எல்லாருக்கும் கிடைக்கிற சலுகை இல்லை, இருந்தாலும் நோட்டீசைப் படிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சொல்கிறேன். (என் 5-வது வார யோசனையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் பணம் அவருடையது.)

மூலைவீடு:
கடிதம் போய்விட்டது. தெருவில் இன்னும் இருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கறார் சொன்னது மாதிரி மற்றவர்கள் கரைந்துவிட்டார்கள்.

மூலைவீடு:
பதில் வந்திருக்கிறது. பிழையை ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு சொல்லும் இல்லை. ‘நீங்கள் எழுப்பிய விஷயத்தின் வெளிச்சத்தில்’ விண்ணப்பம் கூடுதல் அறிக்கையோடு மறுபடியும் கமிட்டிக்கு வருமாம். பில்டரிடம் ஜன்னலை அளந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு ஆள் வந்து சாப்பாட்டு அறையில் லேசர் கருவி வைத்து அளந்துவிட்டுப் போனார்.

கிழக்குக்கரை:
நல்லது தம்பி. எனக்கு அப்ப இப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

மூலைவீடு:
இனி என்ன செய்வது? போன முறை எங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களே மறுபடியும் உட்காருவார்கள். அவர்களை விலகச் சொல்லிக் கேட்கலாமா?

குறுக்குவிசாரணை:
கேட்காதீர்கள், எடுபடாது. ஒருவர் முன்பு ஒரு பக்கம் சாய்ந்து பேசினார், ஓட்டுப் போட்டார் என்பதை மட்டும் வைத்து அவர் மனம் மூடியவர் என்று சொல்ல முடியாது என்று 2011 லோக்கலிசம் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்களை எதிரியாக்குவதால் என்ன லாபம்? உங்களுக்கு ஒரே ஒருவர் மனம் மாறினால் போதும்.

பழையகோப்பு:
பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுங்கள், இந்த முறையும் 3 நிமிடம்தான். அந்தத் தெருவுக்கு 4 மாடி அதிகம் என்று தொடங்கினால் அதிலேயே நேரம் போய்விடும். ஜன்னல், அளவு, போன முறை உங்களுக்கு இது சொல்லப்படவில்லை, மேல் மாடியை உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இந்த வரிசையில் பேசுங்கள். கூடுதல் அறிக்கை கூட்டத்துக்கு முன் முழுதாக 5 வேலை நாள் இருக்கும்படி வெளியாக வேண்டும், 1972 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெளியானதும் ஜன்னல் பற்றிய பத்தியையும் அளந்த எண்ணையும் இங்கே போடுங்கள். 27-க்கு மேலே வந்தால் ஒரு பேச்சு, கீழே வந்தால் வேறு பேச்சு.